பிஎச் குறைவாக இருந்தால் அது வலிமை மிகுந்த அமிலம் என்று சொல்லிவிடலாமா?

பிஎச்சை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கையில் இருக்கும் கரைசலில் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் பிஎச் காட்டும்; அயனி கூடினால் பிஎச் குறையும். அதில் அமிலத்தின் வலிமை (எந்த அளவு அயனியாகப் பிரிகிறது), செறிவு (எவ்வளவு கரைந்திருக்கிறது) இரண்டுக்கும் பங்குண்டு.

0.001 மோலார் (லிட்டருக்கு 0.001 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் முழுவதும் அயனியாகிவிடும். எனவே பிஎச் 3. இப்போது 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தைப் பாருங்கள். இது எந்த அளவு அயனியாகப் பிரியும் என்பதைக் காட்டும் பிரிகை மாறிலி 25 டிகிரி செல்சியஸில் 1.8 × 10⁻⁵. அதை 0.1-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.00134, பிஎச் 2.87. வலிமை குறைந்த அமிலத்துக்குத்தான் இங்கே பிஎச் குறைவு, காரணம் அதன் செறிவு நூறு மடங்கு அதிகம். ஒரே செறிவில் ஒப்பிட்டால் உண்மை தெரியும்: 0.1 மோலாரில் முன்னதற்கு 1, பின்னதற்கு 2.87. அசிட்டிக் அமிலத்தில் அயனியாவது சுமார் 1.3 சதவீதம்தான்.

செறிவு தெரியாத கரைசல் என்றால் 10 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக நீர்க்கச் செய்து மறுபடி அளவிடுங்கள். பிஎச் ஏறக்குறைய 1 கூடினால் வலிமை மிகுந்தது, 0.5 கூடினால் வலிமை குறைந்தது. நீர்க்கும்போது வலிமை குறைந்த அமிலம் கூடுதல் விகிதத்தில் அயனியாகி, இழப்பைப் பாதி ஈடுகட்டுகிறது. அமிலம் மிகவும் நீர்த்திருந்தால் இந்தச் சோதனை பலிக்காது.

தரம்பார்த்தலில், அதாவது செறிவு தெரிந்த காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அமிலத்தின் அளவைக் கண்டறிவதில், பலர் தடுமாறுவார்கள். இரண்டு அமிலத்திலும் 0.1 மோலாரில் 10 மி.லி. எடுத்தால், இரண்டுக்கும் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 10 மி.லி. தான் தேவைப்படும். அயனியாகாத அசிட்டிக் அமிலமும் காரம் சேரச் சேர வினைபுரிந்து தீர்ந்துவிடும். ஆனால் முடிவை நிறமாற்றத்தால் காட்டும் நிறங்காட்டியை மாற்றிப் போட்டால் கணக்கே கெடும். மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறுவது பிஎச் 3.1 முதல் 4.4 வரை, அசிட்டிக் அமிலத்தில் அதைப் போட்டால் பியூரெட்டில் 3 மி.லி. இறங்கும்போதே கரைசல் மஞ்சளாகிவிடும். இங்கே அமிலமும் காரமும் சரிசமமாக வினைபுரிந்து முடியும் சமானப் புள்ளி பிஎச் 8.7 அருகில் இருப்பதால், அந்தப் பகுதியில் நிறம் மாறும் பினாப்தலீன்தான் சரி. கலக்கும்போதும் அரை நிமிடம் மறையாத இளஞ்சிவப்பில் நிறுத்துங்கள். அடர்சிவப்பு வந்துவிட்டால் அளவு தாண்டிவிட்டது.

தேர்வுக்குப் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 8 என்று எழுதாதீர்கள். அமிலத்தை எவ்வளவு நீர்க்கச் செய்தாலும் காரமாகாது. நீரே தரும் ஹைட்ரஜன் அயனியையும் கணக்கில் சேர்த்தால் 6.98 வரும்.