எட்டுப் பக்கம் வேண்டாம், ஆனால் அனுப்புங்கள்

கடன், மாமியார் சண்டை என்று எதையும் ஒளிக்காமல் சிரிக்கச் சிரிக்க எழுதும் ஒருவரைக் கடலூரிலிருந்து வருடக்கணக்காகப் படிப்பதாகச் சொல்கிறீர்கள். அவர் இருப்பது புதுச்சேரியில். எட்டுப் பக்கக் கடிதத்தை அனுப்பலாமா, நேரிலேயே போகலாமா என்பது உங்கள் கேள்வி.

அனுப்புங்கள். ஆனால் ஓர் அஞ்சலட்டையில் அடங்குகிற அளவுக்குச் சுருக்குங்கள். 'அருமை, அற்புதம்' எல்லாம் அவர் நிறையக் கேட்டிருப்பார். எந்த வரியில் சிரித்தீர்கள், அதை யாருக்குப் படித்துக் காட்டினீர்கள் என்று எழுதுங்கள். நகைச்சுவை எழுதுகிறவர்களுக்கு அந்தத் தகவல்தான் தெரியாது. மேடைக் கலைஞருக்குக் கேட்கிற சிரிப்பு இவர்களுக்குக் கேட்பதே இல்லை. உங்கள் சொந்தக் கஷ்டங்களை இந்தக் கடிதத்தில் கொட்ட வேண்டாம்.

நேரில் போவது வேறு கதை. திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் புதுச்சேரி, ஆபத்தே அதுதான்! தன் கடனைப் பற்றி எழுதியவர், வாசலில் நின்று அதைப் பேசவும் தயார் என்று அர்த்தமில்லை. வெளிப்படையாக எழுதுகிறவர்களும் எதைச் சொல்வது, எதை விடுவது என்று தேர்ந்தெடுத்துத்தான் எழுதுகிறார்கள். 2021 மே மாதம் காலமாகும்வரை புதுச்சேரி லாஸ்பேட்டையில் வாழ்ந்த எழுத்தாளர் கி.ரா.வை (கி. ராஜநாராயணன்) வாசகர்கள் வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள், அவரும் மணிக்கணக்கில் பேசுவார். எல்லாரும் கி.ரா. இல்லை.

பதில் வராவிட்டால் காரணம் கேட்டு இன்னொரு கடிதம் போடாதீர்கள். எங்காவது புத்தகக் கண்காட்சியில் பார்த்தால் தாராளமாகப் பேசுங்கள். மாமியார் நலமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.