ஓரியன் நெபுலா ஏன் சாம்பலாகத் தெரிகிறது?

கேள்வி: புதுத் தொலைநோக்கியில் ஓரியன் நெபுலா என்ற விண்வெளி வாயு மேகத்தைப் பார்த்தேன். படங்களில் ரோஜா நிறத்தில் ஜொலிக்கிறது, எனக்கோ சாம்பல் புகை மாதிரிதான் தெரிந்தது. லென்ஸ் கோளாறா? சாதாரண ட்ரைபாடில் கேமராவை வைத்து அதைப் படம் எடுக்க முடியுமா?

பதில்: லென்ஸில் கோளாறே இல்லை, கண்ணின் சுபாவம் அது. மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யும் விழித்திரைச் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. போதாக்குறைக்கு, ஹைட்ரஜன் உமிழும் அந்த 656 நானோமீட்டர் சிவப்பு அவற்றின் பார்வைக்கு அநேகமாகத் தப்பிவிடும். கேமரா ஒளியைச் சேர்த்து வைத்துக்கொள்வதால் நிறம் கிடைக்கிறது. அரை மணி நேரம் போனைத் தொடாமல் இருட்டில் இருங்கள். அப்புறம் நெபுலாவை நேராக முறைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தால், சிறகு மாதிரி ஒரு வடிவம் மெல்ல விரியும், நடுவில் நான்கு பொடி நட்சத்திரங்கள் நெருக்கியடித்து நிற்கும். அவற்றில் பிரகாசமானதுதான் அந்த வாயுவைப் பெரும்பாலும் ஒளிர வைக்கிறது.

படத்துக்கு ட்ரைபாட் போதும். 500-ஐ லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால் ஒரு படத்துக்கு ஷட்டரை எத்தனை விநாடி திறந்து வைக்கலாம் என்று வரும்: 50 மி.மீ. என்றால் 10 விநாடி. (நான் 6-ஐத் தாண்டுவதில்லை, நட்சத்திரம் கோடாகிவிடும்.) ஒரே படத்தோடு நிறுத்தாதீர்கள், 100 படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் புள்ளிப் புள்ளியான இரைச்சல் சுமார் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆட்டோ ஃபோகஸ் மட்டும் வேண்டாம். பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனையாகும்வரை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள். இதை மறந்து ஓர் இரவு முழுக்க பஞ்சு உருண்டைகளை எடுத்துக்கொண்டு வந்தவன் நான்.