ஒரு சீர் குறைவு

வணக்கம் ஐயா,

கோலாலம்பூர், செந்தூலில் இருந்து எழுதுகிறேன். ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சில ஆண்டுகளாகக் கவிதை எழுதிப் பார்க்கிறேன். சென்ற மாதம் ஒரு கவியரங்கில் அப்பாவைப் பற்றி எழுதியதை வாசித்தேன். அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். தலைமை வகித்தவர், "யாப்பு தெரியாதவர்கள் முதலில் அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள்" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த தோழியோ, "யாப்பெல்லாம் செத்துப் பல காலம் ஆகிறது, கவலைப்படாதே" என்றாள். இரண்டு பேர் சொன்னதும் எனக்கு உதவவில்லை.

காதலையும் குடும்பத்தையும் பாடுவதற்கு உண்மையான உணர்ச்சி இருந்தால் போதாதா ஐயா? அடி, சீர், தொடை எல்லாம் எதற்கு? அப்பா சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். இப்போது என்னோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். இன்றும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறார். சின்ன வயதில் மழை பெய்தால் எங்களுக்குக் கொண்டாட்டம், அப்பா வீட்டில் இருப்பார். அம்மா மட்டும் வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இவ்வளவு இருந்தும், எழுத உட்கார்ந்தால் என் வரிகள் ஏன் வெறும் சொற்களாக நிற்கின்றன?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கவிதையை மூன்று முறை படித்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குப் பிடிக்கவில்லை. கடிதம் மிகவும் பிடித்தது. கவிதை "உழைப்பின் உருவமே, தியாகத்தின் சிகரமே, என் தந்தையே" என்று தொடங்குகிறது. இதைப் பினாங்கில் யாருடைய பணி ஓய்வு விருந்தில் வாசித்தாலும் கை தட்டுவார்கள். வேறு ஒருவருடைய அப்பாவுக்கும் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும் என்பதுதான் அதன் குறை. இன்னொன்றும் கேட்க வேண்டும். வீட்டில் அவரை எப்போதாவது "தந்தையே" என்று கூப்பிட்டிருக்கிறீர்களா?

அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். பழந்தமிழில் எந்தை என்றால் என் அப்பா, நுந்தை என்றால் உன் அப்பா, தந்தை என்றால் அவனுடைய அல்லது அவளுடைய அப்பா. எம்பி, நும்பி, தம்பி என்பதும் எங்கை, நுங்கை, தங்கை என்பதும் அதே கணக்குத்தான். அம்மாவுக்கு யாய், ஞாய், தாய். யாருக்கு உறவு என்பதை உறவுப்பெயரே சுமந்துகொண்டு வந்தது. காலப்போக்கில் படர்க்கை வடிவம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. ஆகவே "என் தந்தை" என்று எழுதும்போது, சொல்லின் பழைய எலும்பைப் பார்த்தால், "என் அவனுடைய அப்பா" என்று எழுதுகிறோம். இதை இலக்கணப் பிழை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் முதல் வரி ஏன் இன்னொருவர் வீட்டு அப்பாவைப் போல் ஒலிக்கிறது என்று யோசித்தபோது இது நினைவுக்கு வந்தது.

குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டு இந்த உறவுப்பெயர்களை வைத்தே காதலைக் கட்டுகிறது.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளில் இது அடிக்கடி வந்துவிடுகிறது. தாத்தா பாட்டி தொடங்கி இரு வீட்டுப் பெரியவர்கள் பெயரையும் பட்டமும் பதவியும் சேர்த்து அச்சடித்துவிட்டு, மேலே "உன் அம்மாவும் என் அம்மாவும் யாரோ எவரோ" என்று போடுகிற துணிச்சல் நமக்கு மட்டுமே உண்டு. அது கிடக்கட்டும். முதல் மூன்று அடிகளையும் பாருங்கள். என்னுடையது, உன்னுடையது என்று மூன்று முறை பிரித்துப் பிரித்து வைக்கிறார் புலவர். அம்மாக்கள் வேறு, அப்பாக்கள் வேறு, நானும் நீயும்கூட வேறு. பிரிந்து நின்றதெல்லாம் ஐந்தாம் அடியில் "நெஞ்சம்" என்ற ஒரே சொல்லாகிவிடுகிறது. என் நெஞ்சமா, உன் நெஞ்சமா? சொல்லவில்லை. இனிச் சொல்லத் தேவையும் இல்லை.

இடையில் நான்காம் அடி இருக்கிறதே, அதற்குத்தான் வருகிறேன். மற்ற அடிகளில் நான்கு சீர். இதில் மூன்றுதான்: செம்புலப், பெயனீர், போல. நேரிசை ஆசிரியப்பா என்ற பாவகையின் விதி அது. கடைசிக்கு முந்தைய அடியில் ஒரு சீர் குறையும். கல்லூரியில் இதை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தேன். எதற்காக என்று அன்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து வாய்விட்டுப் படிக்கும்போதுதான் காதில் விழுந்தது. ஓடிக்கொண்டிருந்த பேச்சு அந்த அடியில் மூச்சு வாங்குகிறது. நான்காவது சீர் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. மழை செம்மண்ணில் விழுந்து ஊறுவதற்கு அந்த இடைவெளி போதும்.

விதி எல்லாருக்கும் பொது. அந்தக் குறைந்த அடியில் எதை வைப்பது என்பதுதான் புலவனின் கை. எல்லாப் பாட்டிலும் இது பலிக்கிறது என்று சாதிக்கமாட்டேன், பல பாட்டுகளில் அது வெறும் அடிதான். ஆனால் குடும்பத்தைப் பாடும் சில பாட்டுகளில் அந்தக் குறை எனக்குத் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. புறநானூறு 112 பாரிமகளிர் பாடியது. தந்தை கொல்லப்பட்டு, பறம்பு மலையும் மூவேந்தர் கைக்குப் போனபின் பாடியது.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

அன்றைய வெண்ணிலவில் அப்பாவும் இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இன்றைய வெண்ணிலவில் வேந்தர் எங்கள் குன்றைக் கொண்டார், எங்களுக்கு அப்பாவும் இல்லை. இதில் பாசம் என்ற சொல் இல்லை. கண்ணீர் இல்லை. பாரி நல்லவன், வள்ளல், முல்லைக்குத் தேர் கொடுத்தவன் என்ற புகழ்ச்சி ஒன்றுகூட இல்லை. உங்கள் கவிதையில் பதினான்கு இருக்கிறது, எண்ணினேன். முதல் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் வேறுபாடு இரண்டே எழுத்து: அகரம் இருந்த இடத்தில் இகரம். நிலவு அதே நிலவு. முதலில் அப்பாவைச் சொல்லி, பிறகு குன்றைச் சொன்ன பெண்கள், இரண்டாம் முறை குன்றை முதலில் சொல்லி அப்பாவைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். சொல்ல முடியாததைத் தள்ளிப்போடுவது போல. இப்போது நான்காம் அடி. இரண்டாம் அடியில் "எம்குன்றும்" என்று ஒரே அடிக்குள் ஒட்டியிருந்தது, இங்கே உடைந்துவிட்டது. "எம்" என்பது அடியின் ஓரத்தில் தனியாகத் தொங்குகிறது. "குன்றும்" அடுத்த அடிக்குப் போய்விட்டது, அங்கே அதன் பக்கத்தில் நிற்கும் சொல் "கொண்டார்". தங்கள் மலையிலிருந்து அந்தப் பெண்கள் பிரிக்கப்பட்டதை அடிமுறிவே செய்து காட்டிவிடுகிறது. யாப்பெல்லாம் செத்துவிட்டது என்கிற உங்கள் தோழியிடம் இந்த ஒரு "எம்"மைக் காட்டுங்கள்.

கவியரங்கத் தலைவரிடம் காட்ட வேறொன்று இருக்கிறது. என் அம்மா இறந்தபோது நான் முறையான வெண்பாவில் பத்துப் பாட்டு எழுதினேன். தளை தட்டவில்லை. ஆனால் "அன்னை" என்று தொடங்கியதற்கு எதுகை தேடித் "தென்னை" வந்து, வாழ்நாளில் தென்னந்தோப்பையே பார்த்திராத என் அம்மா இரண்டு பாட்டில் தென்னை நிழலில் நின்றாள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், யாருக்கும் காட்டுவதில்லை.

இலக்கணம் படிக்காத பெண்களுக்கு இந்தச் சிக்கல் வந்ததில்லை. என் பாட்டி பாடிய தாலாட்டில் அழுகிற குழந்தையிடம் விசாரணை நடக்கும்: "மாமன் அடித்தானோ மல்லிகைப்பூச் செண்டாலே, அத்தை அடித்தாளோ அரளிப்பூச் செண்டாலே." மாமனுக்கு மல்லிகை, அத்தைக்கு அரளி, மோனை கச்சிதம். மாமன் பாடுகிறவளின் அண்ணன் தம்பி. அத்தை புருஷனின் அக்கா தங்கை. அரளி நஞ்சு. யாராவது கேட்டால், "ஓசைக்காகப் பாடினேன்" என்று சொல்லிவிடலாம்.

யார் பேசுகிறார்கள் என்பதும் வடிவத்தில் அடங்கும். குறுந்தொகை 167இல் புதிதாகக் குடித்தனம் நடத்தும் பெண் சமைக்கிறாள். தயிர் பிசைந்த விரலை உடுத்திய துணியில் துடைத்துக்கொள்கிறாள், அதை மாற்றவும் நேரமில்லை. தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. தானே துழாவிப் புளிக்குழம்பு வைக்கிறாள். அவன் "இனிது" என்று உண்கிறான். இதை அவளும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் வந்து சொல்கிறாள். மகள் சுகமாக இருக்கிறாளா என்ற கேள்விக்கு ஒரு தாய் இன்னொரு தாய்க்குத் தருகிற பதில் அந்த ஆறு அடி. நான்கு அடி முழுக்க வேலை. ஐந்தாம் அடி, அதே குறைந்த அடி: "இனிதெனக் கணவன் உண்டலின்." பிறகு "நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே." மகிழ்ந்தது அவள் என்றுகூடப் பாடிய கூடலூர் கிழார் சொல்லவில்லை, அவள் முகம் என்கிறார். வெளியிலிருந்து வந்தவளுக்கு அவ்வளவுதானே தெரியும்?

அந்தப் பெண் குழம்பைத் "துழந்து" சமைத்தாள். புறநானூறு 188இல் பாண்டியன் அறிவுடை நம்பி, சோற்றை அளைகிற குழந்தைக்கும் அதே சொல்லைப் போடுகிறான்: "இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்." அம்மா சட்டியில் செய்வதைப் பிள்ளை தட்டில் செய்கிறது. அந்தப் பாட்டில் குறைந்த அடி "மயக்குறு மக்களை இல்லோர்க்குப்" என்பது. பிள்ளை இல்லாதவர்களைச் சொல்லும் அடியில் ஒரு சீர் இல்லை. தற்செயலாகவே இருக்கட்டும், நான் அதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

நீங்கள் இந்த மண்ணில் பிறந்தவர், ஆகவே பந்துன் என்ற மலாய்ப் பாட்டு வடிவத்தையும் விடக்கூடாது. பாலிக் பூலாவில் ஒரு மலாய் நண்பர் வீட்டு நிச்சயத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பற்றி நேராகக் கேட்கவில்லை. தோட்டத்துப் பூவை யாராவது பறித்துவிட்டார்களா என்று பாட்டாகக் கேட்டார்கள். பெண் வீட்டாரும் பாட்டாகவே பதில் சொன்னார்கள். மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து முன்மொழிய, 2020இல் யுனெஸ்கோ தன் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்த வடிவம் அது. நான்கு அடி. முதல் இரண்டுக்குப் பெம்பாயாங் என்று பெயர், பாயாங் என்றால் நிழல். பொருள் பின்னிரண்டு அடியில். எல்லாருக்கும் தெரிந்தது ஒன்று:

டாரி மானா டாத்தாங்ஞா லிந்தா
டாரி சாவா துருன் கெ காலி
டாரி மானா டாத்தாங்ஞா சிந்தா
டாரி மாத்தா துருன் கெ ஹாத்தி

அட்டை எங்கிருந்து வருகிறது, வயலிலிருந்து ஓடைக்கு இறங்குகிறது. காதல் எங்கிருந்து வருகிறது, கண்ணிலிருந்து நெஞ்சுக்கு இறங்குகிறது. நாம் அடியின் தலையில் ஒலியைப் பொருத்துகிறோம், அவர்கள் வாலில் பொருத்துகிறார்கள். லிந்தாவுக்குச் சிந்தா. ஓசைக்காக வந்த அட்டைதான், ஆனாலும் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற பிராணியின் நிழலில் காதலை நிறுத்திய பிறகு அந்த நிழல் சும்மா இருக்குமா? சிந்தா என்ற மலாய்ச் சொல்லும் நம் சிந்தையும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள். நமக்கு நினைப்பு, அவர்களுக்குக் காதல்.

இனி உங்கள் மழைக்கு வருகிறேன். கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய அந்த இரண்டு வரி கவிதைக்குள் வரவே இல்லை. பட்டை நனைந்திருந்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு பெய்தால், பால் பிடிக்கும் மங்கில் தண்ணீர் விழுந்து பால் கெட்டுவிடும். வேலை இல்லாத நாளில் பெரும்பாலும் கூலியும் இல்லை. முல்லைத் திணைப் பாட்டுகளில் மழைக்காலம் வந்தால் தலைவன் வீடு திரும்புவான், மனைவி அதற்காக மேகத்தைப் பார்த்துக் காத்திருப்பாள். உங்கள் வீட்டிலும் மழை வந்தால் அப்பா வீட்டில் இருந்தார், அம்மா மேகத்தைப் பார்த்தாள். வேறு கணக்கோடு பார்த்தாள். ஒரே மழை பிள்ளைகளுக்கு ஒன்றாகவும் அம்மாவுக்கு இன்னொன்றாகவும் இருந்திருக்கிறது. குறுந்தொகையில் மழை மண்ணோடு கலந்தால் அன்பு, உங்கள் தோட்டத்தில் மழை பாலோடு கலந்தால் நட்டம்.

சீரை எண்ணி எழுதச் சொல்லவில்லை. சிகரம், உருவம், தியாகம் மூன்றையும் எடுத்துவிடுங்கள். "தந்தை" என்று வருகிற இடங்களில் "அப்பா" என்று போட்டு வாய்விட்டுப் படியுங்கள், எந்த வரி கூச்சப்படுகிறது என்று உடனே தெரியும். மழை நாளை எழுதும்போது எந்தச் சொல்லோடு அடியை முறிப்பது என்று மட்டும் ஒரு வாரம் யோசியுங்கள்.

ஒரு சந்தேகமும் இருக்கிறது. அம்மா வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள், நீங்கள் குதித்துக்கொண்டிருந்தீர்கள். அந்த நேரத்தில் அப்பா வீட்டுக்குள் என்ன செய்துகொண்டிருந்தார்? கடிதத்தில் அது இல்லை. நாளை நான்கு மணிக்கு அவர் எழுந்து உட்காரும்போது கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து