கழுகுக்குத்தான் கண் கூர்மையாச்சே, அப்புறம் ஏன் மோதுகிறது?

காற்றாலைகளில் கழுகுகள் அடிபட்டுச் சாவதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு துணுக்கு வந்தது. அதையொட்டி வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கோ தூரத்தில் ஓடும் முயலையே பார்த்துவிடுகிற கழுகுக்கு, எதிரில் சுற்றுகிற இவ்வளவு பெரிய இறக்கை தெரியாதா?

பதில்: அந்தப் பக்கம் பார்த்தால் தெரியும். இரை தேடும் கழுகு தலையைக் கவிழ்த்துத் தரையைப் பார்த்தபடிதான் பறக்கிறது. பிணந்தின்னிக் கழுகுகளின் பார்வைப் பரப்பை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், தலை அப்படிக் குனிந்திருக்கும்போது பறந்துபோகிற திசையே அவற்றின் கண்ணில் படுவதில்லை என்று கண்டார்கள். நடுவானில் எதிரே எதுவும் நிற்காத உலகத்தில் உருவான பறவை அது, முன்னால் பார்க்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. அப்புறம் வேகம். தொலைவிலிருந்து பார்க்கிற நமக்கு இறக்கை சோம்பலாகச் சுற்றுவது போல இருக்கும், ஆனால் நுனி மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேலும் போகும்; கிட்டே நெருங்க நெருங்க அது பறவையின் கண்ணில் கலங்கலாகி, இல்லாததுபோல ஆகிவிடுகிறது.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் இடம். காற்று மலைச்சரிவில் மோதி மேலெழும்புகிற முகடுகளில்தான் கழுகு சிறகை அசைக்காமல் மிதக்கும். காற்றாலை போடுகிறவர் தேடுவதும் அதே முகட்டைத்தான். கலிஃபோர்னியாவின் அல்டமான்ட் கணவாயில் 1980களில் ஆயிரக்கணக்கான சிறு காற்றாலைகளை வரிசையாக நட்டார்கள். கீழே தரை அணில்கள் மண்டிய புல்வெளி, சுற்றுவட்டாரத்தில் பொன்னிறக் கழுகுகளின் கூடுகள் அடர்த்தியாக. பந்திக்கு நடுவில் கத்தியைச் சுழல விட்டது போல ஆயிற்று. பழையவற்றைக் கழற்றிவிட்டு, எண்ணிக்கையில் குறைவான பெரிய காற்றாலைகளை நிறுத்தியும் அங்கே சாவு முழுதாக நின்றபாடில்லை.

கேள்வி: பூனைகளும் கண்ணாடி ஜன்னல்களும் கோடிக்கணக்கில் பறவைகளைக் கொல்கின்றன. காற்றாலையை மட்டும் ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள்?

பதில்: பூனை பொன்னிறக் கழுகைப் பிடிப்பதில்லை, சார். இந்தக் கணக்கு எங்கே பேச்சு வந்தாலும் வந்துவிடுகிறது, எனக்கு அலுத்துப்போன கணக்கு இது. சிட்டுக்குருவி ஒரே வருஷத்தில் பல முறை முட்டையிட்டு இழப்பை ஈடுகட்டிவிடும். பொன்னிறக் கழுகு வளர்ந்து குஞ்சு பொரிக்கவே நாலைந்து வருஷம் ஆகும், அதன்பிறகும் வருஷத்துக்கு ஒன்று இரண்டு குஞ்சுதான், சில வருஷம் அதுவும் இல்லை. அமெரிக்காவில் மொத்தமே ஏறக்குறைய 40,000 பொன்னிறக் கழுகுகள்தான் இருக்கின்றன. துப்பாக்கி, விஷம், மின்கம்பம் என்று மனிதனால் வருகிற சாவு ஏற்கெனவே அவற்றுக்கு அதிகம். அதற்கு மேல் இனப்பெருக்க வயதில் உள்ள ஒன்றிரண்டு போனாலும் அந்த வட்டாரத்தில் அது தெரியும். அமெரிக்காவின் இன்னொரு கழுகான வெண்தலைக் கழுகின் நிலைமை வேறு, அது நன்றாகவே மீண்டுவிட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

கேள்வி: ஒரு இறக்கைக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தால் போதும் என்று படித்தேன். உண்மையா?

பதில்: நார்வேயின் ஸ்மோலா தீவில் செய்து பார்த்தார்கள். மூன்று இறக்கைகளில் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு அடித்ததில் பறவைச் சாவு சுமார் 70 சதவீதம் குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் பெயின்ட் அடித்தது நாலே நாலு காற்றாலைகளுக்கு. அதை வைத்து உலகம் முழுக்கத் தீர்ப்பு எழுத முடியாது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கேமரா வைத்து, கழுகு வருவதைக் கணினி கண்டுபிடித்ததும் காற்றாலையை நிறுத்துகிறார்கள். ஆனால் சொன்னவுடன் நிற்க அது மின்விசிறி இல்லை, வேகம் அடங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதனால் கழுகைத் தூரத்திலேயே கண்டால்தான் பலன். எனக்குப் பிடித்தது ஸ்பெயினின் தரிஃபா பகுதியில் செய்தது. அங்கே ஆட்களே காவலிருந்து, பிணந்தின்னிக் கழுகு நெருங்கும்போது ஆபத்தான காற்றாலைகளை மட்டும் நிறுத்தச் சொன்னார்கள். சாவு பாதியாகக் குறைந்தது, மின் உற்பத்தியில் போனது வெறும் 0.07 சதவீதம்! "நிறுத்தினால் நட்டம்" என்று சொல்கிறவர்களிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் கழுகைக் கொல்லவே அரசு அனுமதி தருகிறதாமே?

பதில்: ஆமாம், கேட்க விபரீதமாகத்தான் இருக்கிறது. 1940ல் வெண்தலைக் கழுகுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது, 1962ல் பொன்னிறக் கழுகையும் சேர்த்தார்கள். வேண்டுமென்றே கொல்லாமல், நடத்துகிற தொழிலால் தவறிப்போய் ஏற்படுகிற சாவுக்கு மட்டும் 2009 முதல் அனுமதி முறை இருக்கிறது. அது சும்மா கிடைப்பதில்லை. 2024ல் பொது அனுமதி என்று ஒன்று வந்தது, நிபந்தனைக்குப் பொருந்துகிற ஆலைகளுக்குத் தனித்தனிப் பரிசீலனை இல்லாமல் தருவது. அதற்குப் பொன்னிறக் கழுகின் கூட்டிலிருந்து 2 மைலும், வெண்தலைக் கழுகின் கூட்டிலிருந்து 660 அடியும் தள்ளித்தான் காற்றாலை இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். சாகிற கழுகுகளுக்கு ஈடாக வேறு இடத்தில் காப்பாற்றவும் வேண்டும். பெரும்பாலும் ஆபத்தான மின்கம்பங்களைச் சரிசெய்து கொடுக்கிறார்கள். விரித்தால் இரண்டு மீட்டர் வரும் சிறகு இரண்டு கம்பிகளையும் ஒரே சமயத்தில் தொட்டுவிடும், அங்கே ஒரு உறை போட்டால் போதும். அனுமதி வாங்காமல் நடத்திய ஒரு பெரிய நிறுவனம், குறைந்தது 150 கழுகுகள் செத்த வழக்கில் 2022ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 80 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது.

கேள்வி: அப்படியானால் காற்றாலையே வேண்டாம் என்கிறீர்களா?

பதில்: இல்லை. வெப்பம் ஏறினால் கழுகுக்கும் கேடுதான். கூடு, இரை, மேலெழும் காற்று மூன்றும் சேருகிற முகட்டை விட்டுவிட்டு வேறு இடத்தில் போடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். தப்பான இடத்தில் நட்டுவிட்டு அப்புறம் கேமரா, பெயின்ட் என்று ஓடுவதில் முழுப் பலன் கிடைக்காது.

கேள்வி: "எங்கள் ஆலையில் இந்த வருஷம் இரண்டே கழுகுதான் செத்தது" என்று நிறுவனம் சொன்னால் நம்பலாமா?

பதில்: இரண்டு கிடைத்தது என்று வேண்டுமானால் நம்பலாம். எத்தனை நாளைக்கு ஒருமுறை தேடினார்கள், காற்றாலைக் கம்பத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று கேளுங்கள். புதரில் விழுந்த உடல் ஆள் கண்ணில் படாமலே போகலாம், சிலவற்றை நரி முந்திக்கொண்டு இழுத்துப் போய்விடும். ஒழுங்காகச் செய்கிறவர்கள் தாங்களே சில பறவை உடல்களைப் போட்டுவைத்து, தேடுபவர் அதில் எத்தனையைக் கண்டுபிடிக்கிறார், எத்தனை காணாமல் போகிறது என்று பார்த்து அதற்கேற்பக் கணக்கைத் திருத்துவார்கள். சில இடங்களில் பழக்கிய நாய்களை விட்டுத் தேடுகிறார்கள், மனிதரைவிட அவை எவ்வளவோ தேவலை. இப்படித் திருத்திய எண்ணைத்தான் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்.