மூத்தவனுக்குப் போட்ட இலை

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். என் சிறுகதையை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். குடிகாரர் ஒருவர் கிறிஸ்துமஸ் இரவில் தன் வீட்டு வாசல்வரை வந்து நின்றுவிடுகிறார். கதை அதோடு முடிகிறது. படித்த எங்கள் சபை மூப்பர், "மனந்திரும்புதல் எங்கே? இதனால் ஊழியத்துக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார். அந்தக் குடிகாரரை உள்ளே கூட்டிப்போய் முழங்காலில் நிற்க வைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வேண்டாம். அவர் வாசலிலேயே நிற்கட்டும்.

வேதாகமத்தில் லூக்கா 15ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை படியுங்கள். கெட்ட குமாரன் கதையை, சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டு வீடு திரும்பும் இளையவனோடு நாம் முடித்துவிடுகிறோம். ஞாயிறு பள்ளியில் நாங்கள் போட்ட நாடகத்திலும், அவனுக்காகத் தகப்பன் அடிக்கச் சொன்ன கொழுத்த கன்று வந்ததும் திரை விழுந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகுதான் மூத்தவன் வயலிலிருந்து வருகிறான். பாட்டுச் சத்தம் கேட்டு, விஷயம் தெரிந்ததும் கோபப்பட்டு வெளியே நின்றுவிடுகிறான். விருந்து வைத்த தகப்பன் பந்தியை விட்டு எழுந்து வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறார். அப்புறம் அவன் உள்ளே போனானா? கதையில் இல்லை.

அந்தக் கதை யாருக்குச் சொல்லப்பட்டது என்பது அதிகாரத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. "இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடே சாப்பிடுகிறார்" என்று இயேசுவைப் பற்றி முறுமுறுத்த, மதச் சட்டத்தில் கண்டிப்பான பரிசேயருக்கும் அதைக் கற்பித்த வேதபாரகருக்கும். யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற சண்டைக்கு இயேசு கதையால் பதில் சொன்னார். மூத்தவன் அவர்கள்தான். அவனை உள்ளே அனுப்பி முடித்திருந்தால், நல்ல கதை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இயேசு அவர்களுக்கு இலை போட்டுவிட்டுக் காத்திருந்தார். எழுத்தை நான் விருந்தோம்பல் என்று நம்புவது இதனால்தான்.

ஆதியாகமத்தில் வரும் ஆபிரகாமும் அப்படித்தான். மம்ரே என்ற இடத்தில், வெயில் ஏறிய நேரத்தில் வந்த மூன்று பேரிடமும் யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை. கொஞ்சம் அப்பம் கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொல்கிறார். பிறகு ஒரே ஓட்டம். மூன்றுபடி மாவு பிசையச் சொல்லி மனைவி சாராளிடம், இளங்கன்றுக்காக மாட்டுமந்தைக்கு. வெண்ணெயும் பாலும் வைத்துவிட்டு, அவர்கள் சாப்பிடும்போது மரத்தடியில் நிற்கிறார். ஒரு வரியைப் பத்துத் தடவை அடித்துத் திருத்தும்போதெல்லாம் எனக்கு அந்த ஓட்டம்தான் ஞாபகம் வரும். வாசகருக்கு அது தெரிய வேண்டியதில்லை. பரிமாறியதும் நாம் ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த ஒதுங்கலுக்குத்தான் எனக்கு விசுவாசம் அதிகம் தேவைப்படுகிறது. என் பேச்சு நின்ற பிறகும் கர்த்தர் அவரோடு பேசுவார் என்று நம்பினால்தான் என்னால் முற்றுப்புள்ளி வைக்க முடிகிறது.

மூப்பர் மேல் வருத்தம் வேண்டாம். குடியால் சிதைந்த வீடுகளுக்கு ஜெபிக்கப் போகிறவராக இருப்பார். அந்த மனிதர் உள்ளே போனால் போதும் என்ற தவிப்பில் கேட்டிருப்பார். அந்தத் தவிப்பு உங்கள் கதையிலிருந்து வந்ததுதானே?

எனக்குக் குறையாகப் பட்டது வேறு. வாசலில் நிற்பவரை மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவர் மனைவிக்கு ஒரு வரிகூட இல்லை. அன்றைக்கு அந்த வீட்டில் என்ன சமையல்? அவருக்கும் சேர்த்து அரிசி போட்டாரா? அதை எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.