1981 திருமண நாணயம்: எடையும் காந்தமும் போதா

வணக்கம். சார்லஸ்–டயானா திருமண நினைவாக 1981இல் வெளிவந்த பிரித்தானிய நாணயம் தாத்தாவின் பெட்டியில் கிடைத்ததாகவும், எடை 28.28 கிராம் இருப்பதாலும் காந்தத்தில் ஒட்டாததாலும் அது வெள்ளிதானே என்றும் கேட்டிருந்தீர்கள். இவ்விரு சோதனைகளாலும் இங்கே பயனில்லை. ஏனெனில் பொதுமக்களுக்காகப் பெருமளவில் அச்சிடப்பட்ட செம்பு-நிக்கல் நாணயத்துக்கும், சேகரிப்பாளர்களுக்கென வெளியிடப்பட்ட 92.5 விழுக்காடு வெள்ளி நாணயத்துக்கும் எடை, 38.61 மில்லிமீட்டர் விட்டம், மணமக்களின் உருவம் ஆகிய அனைத்தும் ஒன்றே, காந்தமும் இரண்டையுமே ஈர்க்காது. முகமதிப்பான 25 பென்ஸ்கூட இரண்டிலும் பொறிக்கப்படவில்லை.

வேறுபாடு அடர்த்தியில் இருக்கிறது. 0.01 கிராம் வரை காட்டும் தராசில் (சமையலறைத் தராசு உதவாது) நீர் நிரம்பிய குவளையை வைத்து, அளவைச் சுழியமாக்கி, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாதவாறு முழுவதும் மூழ்கவிடுங்கள். தராசு ஏறத்தாழ 2.7 கிராம் காட்டினால் வெள்ளி, 3.2 கிராம் காட்டினால் செம்பு-நிக்கல். வெள்ளியாக இருப்பின் அதில் சுமார் 26.16 கிராம் தூய வெள்ளி உண்டு.

புளி போட்டுத் துலக்கலாமா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்பதே என் பதில். தேய்த்த நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் எளிதில் கண்டுபிடித்து விலையைக் குறைத்துவிடுவார்கள். சோதனைக்குப் பின் மென்மையான துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்தால் போதும்.