ஏரியைச் சுற்றி ஓட முடிகிறது, நாவல் மட்டும் ஏன் பாதியில் நிற்கிறது?

கொடைக்கானல் ஏரியைச் சுற்றித் தினமும் ஓடுகிறேன், நாவல் எழுத உட்கார்ந்தால் மட்டும் பத்து நாளைத் தாண்டுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டத்தில் கடைப்பிடிக்கும் கணக்கை எழுத்தில் விட்டுவிடுகிறீர்கள், அவ்வளவுதான்.

ஏரிச் சாலை ஏறக்குறைய சமதளம், ஒரு சுற்று 5 கி.மீ. போல வரும். பக்கத்தில் சரிவில் இருக்கும் வட்டக்கானல் கிராமத்துக்கு இறங்கிவிட்டுத் திரும்ப ஏறும்போது அதே வேகம் வருமா? வராது. மூச்சிரைக்காமல் பேச முடிகிறதா என்று பார்த்துத்தான் வேகத்தைக் குறைப்பீர்கள். எழுத்தில் மட்டும் ஏற்றம் இறக்கம் பார்க்காமல் தினம் 1,000 சொல்! சொல்லை விடுங்கள், நிமிடத்தை எண்ணுங்கள். வாரம் 4 நாள், நாளுக்கு 25 நிமிடம். அதில் முதல் 5 நிமிடம், முந்தைய நாளின் கடைசிப் பத்தியைக் கையால் திரும்ப எழுதுங்கள். டிசம்பர் குளிரில் விறைத்த காலோடு எடுத்த எடுப்பில் ஓடமாட்டீர்கள்தானே.

உண்மையான ஆபத்து நல்ல நாளில்தான் இருக்கிறது. பழக்கமில்லாத இறக்கத்தில் ஓடினால் தொடைவலி அன்றைக்கே முழுதாகத் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். எழுத்துக் களைப்பும் பெரும்பாலும் தாமதமாகத்தான் வரும். ஞாயிறு உற்சாகத்தில் 3 மணி நேரம் எழுதியவர், செவ்வாய்க்கிழமை நோட்டைத் திறக்காமல் "மூடு இல்லை" என்பார். ஆகவே நேரம் முடிந்ததும், அடுத்த வரி மனதில் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். அதை நாலு சொல்லில் ஓரமாகக் குறித்து வைத்தால் போதும்.

மூன்று வாரம் ஒழுங்காகப் போனால் நாலாவது வாரத்தைப் பாதியாக்குங்கள். பிறகு 5 நிமிடமோ ஒரு நாளோ கூட்டலாம். இரண்டையும் சேர்த்துக் கூட்டும்போதுதான் பலருக்கும் அறுந்துபோகிறது. புதுக் காட்சி எழுதிய மறுநாள் திருத்தம் மட்டும். ஒரு வாரம் விட்டுப்போனால் ஈடுகட்டப் பார்க்காதீர்கள், பாதி நேரத்தில் தொடங்குங்கள். (மே மாத சீசனில் உங்கள் ஊருக்கு விருந்தாளி வந்தே தீருவார்கள். அந்த வாரங்களை முன்கூட்டியே பாதி வாரமாக எழுதி வைத்துவிடுவது நல்லது.)

ஓரிடத்தில் இந்தக் கணக்கு பொருந்தாது. அசந்த கால் ஓய்வு கொடுத்தால் தேறிவிடும். எழுத்து நின்றுபோவதற்குக் களைப்பு மட்டுமே காரணம் என்றில்லை, கதை தப்பான பக்கம் திரும்பியிருக்கலாம். நாவலோடு தொடர்பில்லாத எதையாவது 10 நிமிடம் எழுதிப் பாருங்கள். அதுவும் வரவில்லையா, ஓய்வெடுங்கள். அது சரளமாக வந்தால் ஓய்வால் பலனில்லை. கடைசி இரண்டு காட்சிகளைத் திரும்பப் படித்து, பாத்திரம் தன் இயல்பை விட்டு உங்கள் வசதிக்காக நடந்துகொண்ட இடத்தைத் தேடுங்கள். அங்கிருந்து வெட்டிவிட்டு எழுத வேண்டியதுதான்.